மழைக்குப் பொறுப்பு

அட்டைப்பெட்டி திங்கட்கிழமை காலையில் வந்து சேர்ந்தது. கோதா அதை ஃபூமியே ஓச்சியின் வீட்டு வாசலில் இறக்கி வைத்தார்.

"இந்த வருஷம் உங்க முறை ஓச்சி-சான். தப்பிக்க முடியாது," என்று சொல்லிவிட்டு, அவள் பதில் சொல்வதற்குள் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

பெட்டிக்குள் பன்னிரண்டு மெலிந்த கையேடுகள். காகித ஆலையில் ஒன்றாக வேலை பார்த்த நான்கு பேர் வருஷத்துக்கு ஒரு தடவை கோல்ஃப் ஆடப் போவார்கள். ஒரு நாள் ஆட்டம், மறுநாள் ஊர் சுற்றல். ஏற்பாட்டாளர் முறை சுற்றி வரும். யார் முறையோ அவர் பயணக் கையேடு தயாரிக்க வேண்டும். எத்தனை மணிக்கு யார் வீட்டு வாசலில் கார் நிற்கும், வழியில் எங்கே எத்தனை நிமிஷம் ஓய்வு, யாருக்கு என்ன பொறுப்பு, எல்லாம் அதில் இருக்கும். திரும்பி வந்ததும் கடைசிப் பக்கத்தில் நாலு வரி குறிப்பு எழுதிப் பெட்டியில் போட வேண்டும்.

ஃபூமியேவுக்கு அறுபத்திரண்டு வயது. ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் முப்பத்து நான்கு வருஷம் காகிதத்தின் ஈரத்தை அளந்தவள். கையேடு தயாரிப்பது அவளுக்குப் பிடித்த வேலைதான். மலையைத் தாண்டித் தெற்கே, கோச்சி மாவட்டத்தில், போன வருஷம் போன அதே மைதானத்தையே தேர்ந்தெடுத்திருந்தாள். ஆடப் போகிறவர்கள் பெயரை வெள்ளிக்கிழமைக்குள் மைதானத்துக்குச் சொல்ல வேண்டும்.

மனாபே வருகிறேன் என்றார். அவர் ஆலையில் மூவருக்கும் மேலதிகாரியாக இருந்தவர், இன்னமும் சார்தான். கோதா வருவார், கார் அவருடையது. மூன்றாவதாக ஷினோஹாராவுக்குப் போன் செய்தாள். அவர் கிடங்கைப் பார்த்துக்கொண்டவர்.

"இந்தத் தடவை எனக்குக் கொஞ்சம் கஷ்டம் ஓச்சி-சான். பூனைக்கு உடம்பு சரியில்ல."

"உங்ககிட்ட பூனை இருக்கா?"

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"பக்கத்து வீட்டுப் பூனை."

"ஓ."

"அவங்க ஊர்ல இல்ல. நான்தான் பாத்துக்கணும். நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க. நல்லா வெயில் அடிக்கட்டும்."

ஷினோஹாராவுக்குப் பூனை முடி பட்டாலே தும்மல் நிற்காது. ஒரு தடவை கிடங்கில் பூனை குட்டி போட்டபோது இரண்டு வாரம் முகமூடி மாட்டிக்கொண்டு வேலை பார்த்தவர். ஃபூமியே போனை வைத்துவிட்டு அவருடைய கடைசி வாக்கியத்தையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

நாலு பேர் கூட்டத்தில் ஷினோஹாராவுக்கு ஒரு பெயர் உண்டு. மழைக்காரர். அவர் காலடி வைத்தால் மழை வரும் என்பது முடிவாகிப்போன விஷயம். போன வருஷமும் ஒன்பது குழி ஆடி முடித்துச் சாப்பிட உட்கார்ந்தபோது ஜன்னலுக்கு வெளியே மைதானமே தெரியவில்லை, அப்படி ஒரு மழை. மனாபே பீர் கோப்பையைத் தூக்கிப் பிடித்தபடி, "யோவ் ஷினோஹாரா, அடுத்த வருஷம் குடையை வீட்ல வெச்சிட்டு வா," என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "வேணாம், குடை வரட்டும். நீ வீட்ல இரு," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஷினோஹாராவும் சிரித்தார். எழுந்து தலைகுனிந்து மன்னிப்புக் கேட்பது போலக்கூட நடித்தார். ஃபூமியேவும் சிரித்தாள்.

அன்று பிற்பகல் மனாபேயும் கோதாவும் வெந்நீர்க் குளியலுக்குப் போய்விட்டார்கள். ஃபூமியேவும் ஷினோஹாராவும் கோதாவின் காரை வாங்கிக்கொண்டு நியோதோ ஆற்றுக்குப் போனார்கள். அங்கே கைப்பிடிச் சுவர் இல்லாத தாழ்வான பாலம் ஒன்று இருக்கிறது. வெள்ளத்தில் மூழ்கட்டும் என்றே கட்டிய பாலம். கைப்பிடி இருந்தால் மிதந்து வரும் மரங்கள் சிக்கிப் பாலத்தையே பிய்த்துக்கொண்டு போய்விடும். அன்றைக்குத் தண்ணீர் பாலத்துக்கு ஒரு சாண் கீழே இருந்தது. ஷினோஹாரா கரையோரம் ஒரு குச்சியை நட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து நிமிஷத்துக்கு மூன்று விரல் ஏறியது.

"இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தா பாத்துடலாம்."

ஆனால் கையேட்டில் இரவுச் சாப்பாடு ஆறு மணி என்று இருந்தது. திரும்பிவிட்டார்கள். வழியில் ரொம்ப நேரம் கழித்து ஷினோஹாரா கேட்டார்:

"மூழ்கும்போது சத்தம் வருமா? இல்ல, சும்மா மூழ்கிடுமா?"

ஒரு வருஷமாக ஃபூமியே அந்தக் கேள்வியோடுதான் இருந்தாள். இந்தத் தடவை அதே மைதானத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு வேறு காரணம் எதுவும் கிடையாது. ஷினோஹாரா வராவிட்டால், கூட நின்று குச்சி நடுவதற்கு மனாபேயா வரப் போகிறார்?

செவ்வாய்க்கிழமை அவள் பெட்டியைக் கவிழ்த்து, கையேடுகளை வருஷ வரிசையில் தரையில் பரப்பினாள். கடைசிப் பக்கங்களை மட்டும் படித்தாள். 'மழை. பதினோராவது குழியோடு நிறுத்தினோம்.' 'தெளிந்த வானம். கோதாவின் பந்து ஏரியில் மூன்று தடவை.' இரண்டாவது வருஷத்தில் மனாபேயின் தடித்த எழுத்து: 'மழைக்காரர் ஷினோஹாரா!' ஆச்சரியக்குறியும் அவரே போட்டது. பன்னிரண்டில் எட்டு மழை.

அவள் முதலில் கவனித்தது தேதியை. பன்னிரண்டும் ஜூன் மூன்றாவது வாரம். வருஷப் பராமரிப்புக்காக ஆலை இயந்திரங்களை நிறுத்துவது அந்த வாரத்தில்தான். நால்வருக்கும் ஒன்றாக விடுமுறை கிடைத்தது அப்போது மட்டும்தான். அங்கே அது மழைக்காலத்தின் நட்டநடு.

மனாபேக்குப் போன் செய்தாள்.

"சார், நாம ஏன் எப்பவும் ஜூன்ல போறோம்?"

"என்னம்மா கேள்வி இது? ஜூன்லதானே மெஷின் நிக்கும்."

"நாம நாலு பேரும் ரிடையர் ஆகி மூணு வருஷம் ஆச்சு சார்."

போனில் மனாபே மூச்சு விடுவது கேட்டது.

"ஆமா," என்றார். பிறகு, "இருந்தாலும் மெஷின் ஓடும்போது எப்படிம்மா ஊருக்குப் போறது?"

அவள் வற்புறுத்தவில்லை. ஜூனை மாற்றினால் பாலம் மூழ்கும் அளவுக்கு ஆற்றில் தண்ணீர் இருக்காது.

பிறகு ஒரு கட்டம்போட்ட தாளை எடுத்து, வருஷம், மழை, யார் யார் வந்தார்கள் என்று எழுதத் தொடங்கினாள். வந்தால் வட்டம், வராவிட்டால் பெருக்கல் குறி. ஷினோஹாராவின் பத்தியில் மேலிருந்து கீழ்வரை வட்டம்தான். அவர் இல்லாத பயணம் ஒன்றுகூட இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க எதுவுமே இல்லாமல் பதினோரு வருஷமாக ஒரு மனிதர் மேல் பழி. பரிசோதனைக் கூடத்தில் யாராவது இப்படி ஓர் அறிக்கை கொடுத்திருந்தால் அவளே திருப்பி அனுப்பியிருப்பாள்.

மற்றப் பத்திகளையும் நிரப்பினாள். கடைசியாகத் தன் பத்தி. அம்மாவுக்கு அறுவைசிகிச்சை நடந்த வருஷம் போகவில்லை. ஒசாகா கூட்டம், சுளுக்கிய கால், மகளின் பிரசவம். நான்கு பெருக்கல் குறிகள்.

பென்சிலை வைத்துவிட்டுத் தாளைப் பார்த்தாள். எழுந்து போய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்து மறுபடியும் பார்த்தாள்.

வியாழக்கிழமை மதியம் கோல்ஃப் பயிற்சிக் கூடத்துக்குப் போனாள். பச்சை வலைக்கு முன்னால், கடைசித் தடுப்பில், ஷினோஹாரா எல்லோருக்கும் முதுகு காட்டி நின்று பந்துகளை அடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு வாளி நிறையப் பந்து.

"பூனை எப்படி இருக்கு?"

அவர் காது சிவந்துபோனது. "தேவலாம்," என்றார்.

ஃபூமியே தாளை நீட்டினாள். அவர் கையுறையைக் கழற்றி, கிடங்குப் பட்டியல் சரிபார்ப்பது போல ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டிக்கொண்டு வந்தார். விரல் கடைசிப் பத்தியில் நின்றது. மேலே போய் மறுபடி இறங்கியது.

"நீங்க வந்த எட்டு வருஷமும் மழை."

"ஆமா."

"நீங்க வராத நாலு வருஷமும்..."

"வெயில். போன் பண்ணி வெறுப்பேத்தினீங்களே, ஞாபகம் இல்லையா?"

"அப்போ மழைக்காரி நீங்களா!" அடுத்த தடுப்பில் ஆடியவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு ஷினோஹாராவின் குரல் உயர்ந்துவிட்டது. "இத்தனை வருஷமா ஒண்ணும் தெரியாத மாதிரி பக்கத்துலயே உக்காந்து ரொட்டி தின்னுட்டு இருந்தீங்க!"

"எனக்கே செவ்வாய்க்கிழமைதான் தெரியும்."

"நீங்க இதை நம்பறீங்களா?"

"இல்ல. பன்னெண்டு தடவையை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. ஜூன்னா மழை பெய்யத்தான் செய்யும்." அவள் தாளைத் திரும்ப வாங்கி மடித்தாள். "ஆனா உங்க மேல பழி போட இருந்த ஆதாரத்தைவிட என் மேல போட ஆதாரம் அதிகம். அவ்வளவுதான்."

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. வாளியிலிருந்த பந்துகளைப் பார்த்தபடி இருந்தார்.

"போன வருஷம் நானும் சிரிச்சேன்," என்றாள் ஃபூமியே. "அது தப்பு. மன்னிச்சிடுங்க."

"தெரியும். கையால வாயை மூடிட்டு சிரிச்சீங்க."

"பாத்தீங்களா?"

"மத்தவங்க மூடாம சிரிச்சாங்க. அதனால கண்ணுல பட்டுது."

அவள் தாளைப் பைக்குள் வைத்தாள். பையிலிருந்து கையேட்டின் வரைவை எடுத்து, ஒரு பக்கத்தைத் திறந்து வாளி மேல் வைத்தாள். 'பிற்பகல் 2:40 முதல் 6:00 வரை: பாலம். மழை பெய்யாவிட்டாலும் பாலம். இரவுச் சாப்பாடு: 7:00.'

அவர் குனிந்து படித்தார். "ஏழு மணியா? மனாபே சார் ஒத்துப்பாரா?"

"ஏற்பாட்டாளர் நான்தானே."

"சத்தம் வருமான்னு கேட்டேன், இல்ல?"

"வரும்னுதான் நினைக்கிறேன். எப்படிப்பட்ட சத்தம்னு தெரியல. குச்சி நானே கொண்டு வர்றேன். கோடு போட்டு வெச்சிருக்கேன்."

ஷினோஹாரா கையுறையை மாட்டி ஒரு பந்தை எடுத்து வைத்து அடித்தார். அது கோணலாகப் போய்ப் பக்கத்து வலையில் விழுந்தது.

"பூனை தேறிடும்னு நினைக்கிறேன்," என்றார்.

வெள்ளிக்கிழமை நான்கு பெயர்களையும் மைதானத்துக்குச் சொன்னாள். சனிக்கிழமை வழக்கமான காபிக் கடையில் கையேடுகளைக் கொடுத்தாள். மனாபே மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு மூன்றாம் பக்கத்தில் நின்றார்.

"கார்: கோதா. பீர், தின்பண்டம்: மனாபே. வரைபடம், கடிகாரம்: ஷினோஹாரா. மழை: ஓச்சி." அவர் நிமிர்ந்தார். "இது என்னம்மா புதுசா?"

அவள் தாளைக் காட்டினாள். மனாபே மூன்று தடவை எண்ணினார். கோதா எட்டிப் பார்த்துவிட்டு, மேஜையில் காபி சிந்தும்படி சிரித்தார்.

"அப்போ நீதான்மா வரக் கூடாது!" என்றார் மனாபே.

"நான் வராம எப்படி சார்? சாப்பாட்டுக்கு என் பேர்லதான் சொல்லியிருக்கு. வைக்கோல் தீயில சுட்ட சூரை மீன், பூண்டு போட்டு."

மனாபே மூன்றாம் பக்கத்தை மறுபடி படித்தார். ஏற்பாட்டாளரை விட்டுவிட்டுப் போன பயணம் அந்தப் பெட்டியில் ஒன்றும் இல்லை. அவர் கையேட்டை மூடி, எதிரில் இருந்த ஷினோஹாராவைப் பார்த்து, பார்வையை உடனே கோப்பைக்குக் கொண்டுபோனார்.

"உனக்கு இன்னொரு காபி சொல்லட்டுமாய்யா? நான் வாங்கித் தர்றேன்."

"சொல்லுங்க சார்."

"கேக்கும் சாப்பிடறியா?"

"சாப்பிடறேன்."

மனாபேயிடம் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

கிளம்பிய அன்று காலை ஐந்து பத்துக்கு, கையேட்டில் இருந்தபடியே, கோதாவின் கார் வந்து நின்றது. முன் கண்ணாடியில் வழக்கம்போல வெள்ளைத் துணிப் பொம்மை தொங்கியது. மழை வராமலிருக்கக் கோதா ஒவ்வொரு வருஷமும் கட்டுவது. கடைசியாக ஏறிய ஷினோஹாரா சட்டைப் பையிலிருந்து இன்னொரு பொம்மையை எடுத்து, பின் ஜன்னலுக்கு மேலிருந்த கைப்பிடியில் தலைகீழாகக் கட்டினார். தலைகீழாகக் கட்டினால் மழை வரும்.

"யோவ், என்னய்யா பண்ற?" என்று மனாபே முன்னிருக்கையிலிருந்து திரும்பினார்.

"ஒப்பிட்டுப் பாக்க ரெண்டு வேணும் சார். ஓச்சி-சான் சொன்னாங்க."

"நான் அப்படிச் சொல்லல," என்றாள் ஃபூமியே. ஆனால் பொம்மையின் முடிச்சு தளர்வாக இருந்ததைப் பார்த்து, அதை இறுக்கிவிட்டாள்.

வானம் வெளுத்திருந்தது. மலையடிவாரத்தில் வெயில்கூட எட்டிப் பார்த்தது. மனாபே வாய்க்குள் ஏதோ பாட்டை முணுமுணுத்தார். பிறகு நீளமான சுரங்கப்பாதைக்குள் கார் நுழைந்தது. அந்தப் பக்கம் வெளியே வந்தால் கோச்சி. விளக்குகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தன. நால்வரும் முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தூரத்தில் வெளிச்சம் ஒரு பொத்தான் அளவுக்குத் தெரிந்து, கோப்பை அளவாகி, கதவு அளவானது.

வெளியே வந்ததும் கண்ணாடியில் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. கோதா துடைப்பானைப் போட்டார்.

ஃபூமியே மடியிலிருந்த குச்சியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

பக்கத்தில் ஷினோஹாரா கடிகாரத்தைப் பார்த்துக் கையேட்டின் ஓரத்தில் நேரத்தைக் குறித்தார்.

"ஓச்சி-சான்," என்றார், "உங்க வேலை ஆரம்பிச்சிடுச்சு."