வேர் நுனிக்கு அப்பால்

கூடலூர் கடைவீதியில் பல் வைத்தியம் பார்த்த டாக்டர் தண்டபாணியின் பட்டம் சுவரில் தொங்கியது. பொறுமையை மாட்டத்தான் ஆணி கிடைக்கவில்லை போலும் என்று அவரிடம் உதவியாளாக இருந்த ஜெஸிந்தா நினைத்துக்கொள்வாள்.

கண்டி ஆஸ்பத்திரியின் பல் பிரிவில் எட்டு வருடம் வேலை பார்த்துவிட்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டில் கப்பலேறி வந்தவள் அவள். டாக்டருக்கு அவள் வெறும் 'சிலோன்காரி'. கருவிகளைக் கொதிக்கவைக்க ஓர் ஆள்.

அழுகிய பல்லின் வேருக்குள்ளிருந்து கசடை எடுக்க அவரிடம் இரண்டு வகை ஊசிகள் இருந்தன. ரீமர் என்ற முறுக்கு ஊசியை மெல்லத் திருகி வெளியே எடுத்தால், கசடு அதன் முறுக்கில் ஏறி வரும். ஃபைல் என்பது அரம். மேலும் கீழும் இழுத்தால் வேலை சீக்கிரம் முடியும். எதை எடுத்தாலும் கசடு கொஞ்சம் வேர் நுனியைத் தாண்டி எலும்புக்குள் போகத்தான் செய்யும். ஆனால் தண்டபாணி அரத்தை உரலில் உலக்கை போடுவதுபோல் இடிப்பார். கசடு நிறையவே உள்ளே போய், மறுநாள் முகம் வீங்கும்.

சேரம்பாடித் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் காளியம்மாளுக்கும் அப்படித்தான் வீங்கியது. கண் மூடுமளவு வீக்கத்தோடு வந்தவளிடம், வெற்றிலை போடுகிற வாய் இப்படித்தான் இருக்கும் என்றார் டாக்டர். காளியம்மாள் வெற்றிலையே தொட்டதில்லை. கேட்கிற பழக்கம் அவருக்கு இருந்தால்தானே தெரியும்.

அரத்தால்தான் வீங்குகிறது என்று அவருக்குத் தெரியவில்லை என்றே ஜெஸிந்தா எண்ணியிருந்தாள். வியாழக்கிழமை தோட்டத்துத் துரையின் மனைவி, துரைசாணி, வந்தாள். டாக்டர் தாமே ரீமரைக் கேட்டு வாங்கினார். முக்கால் மணி நேரம் திருகினார். ஒவ்வொரு முறையும் மருந்துநீரால் கழுவினார். துரைசாணிக்கு வீங்கவில்லை. தெரியாமல் செய்திருந்தால் ஜெஸிந்தா மன்னித்திருப்பாள். தெரிந்தே ஆள் பார்த்துச் செய்கிற அந்தக் கையைப் பார்க்கவே அவளுக்குக் கூசியது.

அடுத்த வாரம், வீக்கம் வற்றிய பிறகு, பக்கத்துப் பல்லுக்காகக் காளியம்மாள் வந்து உட்கார்ந்தாள். தட்டில் ரீமர்கள் மட்டும் இருந்தன.

"ஃபைல் எங்கே?" என்றார் டாக்டர்.

"பெட்டியில வச்சுப் பூட்டிட்டேன். துரைசாணிக்குத் திருகித்தானே எடுத்தீங்க? இவங்களுக்கும் அப்படியே எடுங்க" என்றாள் ஜெஸிந்தா.

வெளியே பெஞ்சில் காத்திருந்தவர்களின் பேச்சு நின்றது. டாக்டரின் காது சிவந்தது. சாவியைக் கொடு என்று அதட்டவும் வழியில்லை. ஏன் என்று பெஞ்சே கேட்கும்.

காளியம்மாள் வாயைத் துடைத்துக்கொண்டாள். "ஆறுதலா, மெதுவாச் செய்யுங்க டாக்டர். எனக்கு நாலு மணிக்குத்தான் பஸ்ஸு."

அவர் திருகினார். ஒவ்வொரு திருகலுக்கும் ஜெஸிந்தா மருந்துநீரை எடுத்து நீட்டினாள். அவர் வாங்கிக் கழுவினார். இந்தத் தடவை காளியம்மாளின் முகம் வீங்கவில்லை. கோயமுத்தூரிலிருந்து தாம் தருவித்த புது மருந்தின் மகிமை என்று டாக்டர் கடைவீதியில் சொல்லிக்கொண்டிருந்தார்.  தினமும் காலையில் ரீமர்களை மட்டும் வைத்துத் தட்டை ஜெஸிந்தாவே அடுக்கினாள்.