ஜெனிற்றாவின் முதற் பிரசங்கம்

கொலின்ஸ் முற்றத்தில் கொண்டுவந்து போட்ட கதிரையில் அருட்செல்வன் மாஸ்ரர் தன் ஹெல்மெற்றை இருத்தினார். தான் நின்றார். சபையின் செயலாளர், ஓய்வுபெற்ற ஆசிரியர், முழங்கால் வருத்தக்காரர், ஆனாலும் நின்றார்.

"இருங்கோ மாஸ்ரர்," என்றாள் கொலின்ஸின் மனைவி ஜெனிற்றா.

"இல்லைப் பிள்ளை, உடனை போகவேணும். உம்மடை விசயமாக் கமிற்றி கூடினது. எல்லாருக்கும் சந்தோசம். வாற ஞாயிறு நீர்தான் பிரசங்கம்."

ஜெனிற்றா மனதுக்குள் கர்த்தருக்குத் தோத்திரம் சொன்னாள். இரண்டு வருடமாக இணையவழியில் இறையியல் படித்தவள் அவள். பகலில் தையல் மெஷின், பொழுதுபட்டால் கைபேசியில் வகுப்பு. போதகராகப் போகிறவர்களும், அவளைப்போல வீட்டையும் பார்த்துக்கொண்டு சபையில் ஊழியம் செய்ய விரும்புகிறவர்களும் ஒன்றாகவே படித்தார்கள். திரையில் எல்லோருக்கும் ஒரே அளவுச் சதுரம். மட்டக்களப்பிலிருந்தும் ஹற்றனிலிருந்தும் "எந்த ஊர் அக்கா?" என்று கேட்பார்கள். "பண்டத்தரிப்பு" என்பாள். அத்தோடு சரி. "பண்டத்தரிப்பிலை எவடம்?" என்ற அடுத்த கேள்வி, யாழ்ப்பாணத்தில் ஒரு மனிதரின் சாதியைத் தோண்டி எடுக்கிற அந்தக் கேள்வி, இரண்டு வருடமும் வரவே இல்லை.

"ஒரு சின்ன ஒழுங்கு," என்றார் மாஸ்ரர். "நீர் வீட்டிலை இருந்தே செய்யும். சூமிலை. நாங்கள் சேர்ச்சிலை பெரிய திரையிலை போடுவம். கனடாச் சனமும் பாக்கும்."

"ஏன் மாஸ்ரர்? சேர்ச் அடுத்த ஒழுங்கைதானே?"

"பிரசங்கபீடத்துப் படியைக் கறையான் அரிச்சுப்போட்டுது. நீர் விழுந்து கிழுந்து போனா ஆர் பொறுப்பு?"

"போன ஞாயிறு லண்டன் டொக்டர் ஏறி நிண்டு பிரசங்கிச்சவர். அவர் நிறையிலை என்னைப்போலை ரெண்டு பேர் வருவார்."

"அதைப் பாத்த பிறகுதான் எங்களுக்கும் பயம் வந்தது."

"போதகர் ஐயா என்ன சொன்னவர்?"

"அவர் புதுசுதானே. கமிற்றி சொன்னதைத்தான் அவரும் சொன்னவர்."

மனிதர் பொய்யைக்கூட எவ்வளவு மரியாதையாகச் சொல்கிறார், பாருங்கள்! சாதி என்ற சொல்லை அந்தச் சபையில் ஒருவரும் வாயில் எடுப்பதில்லை. கிறிஸ்தவர்கள் அல்லவா! ஜெனிற்றாவின் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், குடியிருக்கிற சனம் தேவாலயத்தில் கடைசி வரிசை வாங்குகளில் இருக்கும். அப்படிச் சட்டம் ஒன்றும் கிடையாது. முன்வாங்கில் போய் இருந்தால் பக்கத்திலிருப்பவர்களுக்குத் திடீரென்று தலையிடி வந்துவிடும், எழும்பிப் போய்விடுவார்கள், அவ்வளவுதான். ஜெனிற்றாவின் அம்மா றோஸ் சனிக்கிழமைதோறும் அதே பீடத்தில் ஏறித் தூசி துடைக்கிறாள். துடைக்கிற துணியோடு ஏறினால் படி தாங்கும். வேதப் புத்தகத்தோடு ஏறினால்தான் ஆபத்து.

மாஸ்ரர் ஹெல்மெற்றை எழுப்பிக்கொண்டு போனார்.

"செய்யமாட்டன் எண்டு சொல்லு!" என்று கொலின்ஸ் குதித்தான். "உதென்ன கதை? அவைக்கு உன்ரை குரல் வேணும், கால் வேண்டாமோ?"

ஜெனிற்றா குசினி அடுப்படியில் போய் இருந்து அழுதாள். அந்தப் பீடத்தில் ஒரேயொரு தரம் நிற்க வேண்டும், அங்கிருந்து கடைசி வாங்கில் இருக்கிற அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு வருடம் கண்விழித்துப் படித்ததெல்லாம் அதற்குத்தான். அழுது முடிந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"செய்யிறன். குரலாவது அங்கை போகட்டும்."

கொலின்ஸ் இரண்டு நாள் அவளோடு கதைக்கவில்லை. சனிக்கிழமை தானாகவே வந்து, கைபேசியை எங்கே வைத்தால் முகம் வடிவாகத் தெரியும் என்று பார்த்துக் கொடுத்தான்.

ஞாயிறு காலை வெள்ளைச் சேலை உடுத்தி மேசைக்கு முன்னால் இருந்தாள். அன்றைக்குரிய வேதபாடம், விருந்துக்குக் கூப்பிட்டும் வராமல் ஆளுக்கொரு சாட்டுப்போக்குச் சொன்னவர்களைப் பற்றியது. அவள் சொல்லச் சொல்ல, தேவாலயத்துக் கூம்பு ஒலிபெருக்கி வழியாக அவளுடைய குரலே சற்றுப் பிந்தி யன்னலால் திரும்பி வந்தது. கனடாவிலிருந்து சிவப்பு இதயங்கள் மிதந்தன. தேவாலயத்துக் கமரா வழியாக, முன்வாங்கில் சிலர் தலையாட்டுவது கைபேசியில் தெரிந்தது. பரவாயில்லை, கேட்கிறார்கள் என்று அவளுக்குக் கொஞ்சம் சந்தோசமாகக்கூட இருந்தது.

அப்போதுதான் தேவாலயத்தில் பீடத்துக்கு மேலே கட்டியிருந்த திரைச் சீலையின் ஒரு பக்கம் கழன்று தொங்கியது. அவளுடைய முகம் பாதி மடிந்துவிட்டது. அருட்செல்வன் மாஸ்ரர் எழுந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு பீடத்தின் படிகளில் ஏறினார். கயிற்றோடு பொருளாளர் ஏறினார். கயிறு எட்டவில்லை என்று கமிற்றியில் இன்னொருவரும் ஏறினார். மூன்று பேரும் மேலே நின்று சீலையை இழுத்துக் கட்டுவதை ஜெனிற்றா கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தாள். படிக்கு ஒன்றும் ஆகவில்லை.

அவள் பிரசங்கத்தை நிறுத்தினாள்.

"படி நல்லாத்தான் இருக்குது. கர்த்தருக்குத் தோத்திரம்," என்றாள். "மிச்சத்தை நான் நேரிலை சொல்லப்போறன். என்ரை வீட்டு முற்றத்திலை. அடுத்த ஒழுங்கை, எல்லாருக்கும் தெரியும். கேக்க விருப்பமான ஆக்கள் வாங்கோ. தேத்தண்ணி வைக்கிறன்."

கைபேசியை நிறுத்தினாள்.

"அடி சக்கை!" என்ற கொலின்ஸ் அடுப்பு மூட்ட ஓடினான்.

ஒலிபெருக்கியில் கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு மாஸ்ரரின் குரல். "சபையார் மன்னிக்கவேணும். சகோதரியின்ரை லைன் அறுந்துபோச்சு. கவரேஜ் பிரச்சினை. நாங்கள் ஒரு பாட்டுப் பாடுவம்."

அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் துலாம்பரமாகக் கேட்ட சபை, ஓம், கவரேஜ்தான் என்று ஒத்துக்கொண்டது. கீர்த்தனை தொடங்கியது. முதல் அடி பலமாக வந்தது. இரண்டாம் அடியில் குரல்கள் குறைந்தன. அந்தச் சபையில் வாய்விட்டுப் பாடுவது கடைசி வாங்குகள்தான். மூன்றாம் அடியில் ஆர்மோனியமும் மாஸ்ரரும் மட்டும் மிஞ்சியதுபோல் இருந்தது.

ஒழுங்கையில் ஆரவாரம் கேட்டது. முன்னால் றோஸ் வந்தாள், செருப்பைக் கையில் பிடித்தபடி. அவளுக்குப் பின்னால் ஒழுங்கைச் சனம் முழுவதும். எல்லோருக்கும் பின்னால், சேலைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, மாஸ்ரரின் மனைவி.

"எனக்கு அங்கை இருக்கத் தலையிடிக்குது, பிள்ளை," என்றாள் அவள். மாஸ்ரர் ஹெல்மெற் வைத்த கதிரையில் இருந்தாள்.

ஜெனிற்றா வாய் திறக்கப்போன நேரம் ஒலிபெருக்கி மறுபடி இரைந்தது. மாஸ்ரர் ஜெபம் பண்ணினார்.

"ஆண்டவரே, எங்கடை சகோதரியின்ரை இணைப்பை நீர்தாமே சீராக்கி, அவவின்ரை சத்தத்தை எங்களுக்குக் கேக்கப்பண்ணும்."

"நிப்பாட்டச் சொல்லட்டோ?" என்று கொலின்ஸ் பல்லைக் கடித்தான்.

"ஜெபம்தானே. முடியட்டும்."

அவள் தலையைக் குனிந்தாள். முற்றம் முழுவதும் தலையைக் குனிந்தது. மாஸ்ரர் நீட்டி முழக்கி முடித்தபோது, தேவாலயத்துக்குள் ஆமென் சொல்லப் பெரிதாக ஆளில்லை. முற்றத்துச் சனம் சேர்ந்து "ஆமென்" என்றது. காகங்கள் எழும்பிப் பறந்தன. அடுத்த ஒழுங்கையில் மாஸ்ரரின் மைக் அந்தச் சத்தத்தைப் பிடித்து ஊருக்கெல்லாம் இன்னொரு தரம் சொன்னது.

அதற்குப் பிறகு மாஸ்ரர் மைக்கை நிறுத்திவிட்டார். ஜெனிற்றா தொடங்கினாள்.