எல்லாப் புள்ளியும் பச்சை

"கீ... கீ... கீ..."

காலை பத்தரை மணி. அந்தச் சத்தம் கேட்டதும் மேடம் காபியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள். அலுவலகத்தில் எல்லாரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நாமும் அப்படியே கூப்பிடுவோம்.

எதிர்ச் சுவரில் பெரிய திரை. அதில் பன்னிரண்டு புள்ளிகள். பதினொன்று பச்சை, ஒன்று மட்டும் சிவப்பாகித் துடித்துக்கொண்டிருந்தது.

பயண டிக்கெட் ரத்துக்கு வரும் விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் அலுவலகம் அது. இரண்டு வருடங்களாகப் பன்னிரண்டு பேரும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார்கள். நீண்ட ஹாலில் மேடம் மட்டும் தனியே. காலி நாற்காலிகள் எல்லாம் அவளையே பார்த்துக்கொண்டிருப்பது போல் சில சமயம் தோன்றும். அப்போது அவள் திரையைப் பார்த்துக்கொள்வாள். மவுஸ் அசைந்தால் பச்சை. ஐந்து நிமிடம் அசையாவிட்டால் சிவப்பு. மூன்று சிவப்புக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். மூன்று கடிதம் சேர்ந்தால் வேலை போய்விடும்.

சிவப்புக்குச் சொந்தக்காரிக்குப் போன் போட்டாள். மூச்சு விடாமல் பேசுவதால் அந்தப் பெண்ணுக்குப் 'படபடா' என்று பெயர்.

"எங்க போயிட்டீங்க?"

"இங்கதான் மேடம், குழந்தை கட்டில்லேருந்து உருண்டுடுச்சு, தூக்கப் போனேன், அடி ஒண்ணும் இல்ல, வந்துட்டேன்..."

"கேட்டா உடனே ஒரு கதை! டேப்பைப் பாத்துக் கத்துக்கோங்க. ரெண்டு மாசமா ஒரு தடவைகூடச் சிவப்பு ஆகலை."

டேப் என்பவர் ஐம்பது வயது ஒண்டிக்கட்டை. எது உடைந்தாலும் கறுப்பு டேப்பைச் சுற்றி ஓட வைத்துவிடுவார். அதனால் வந்த பெயர். இரண்டு மாதத்துக்கு முன்பு அவர் புள்ளி மூன்றாம் முறையாகச் சிவப்பாகி, ஒன்பது நிமிடம் அப்படியே இருந்தது. வயிறு சரியில்லை என்று சொன்னார். மேடம் கேட்கவில்லை, கடிதம் அனுப்பினாள். அன்றிலிருந்து அவர் புள்ளி சிவப்பானதே இல்லை. ஆள் திருந்திவிட்டார் என்று அவளுக்குப் பெருமை.

மறுமுனையில் படபடா குரலைத் தாழ்த்தினாள். அதுவே அதிசயம்.

"மேடம்... நடுராத்திரி பாப்பாவுக்குப் பால் குடுக்க எழுந்தேன். சும்மா ஆபீஸ் சாட்டைத் திறந்து பாத்தா, அப்பவும் டேப் அண்ணன் பச்சையாத்தான் இருந்தாரு. காலையில ஒரு ஜோக் அனுப்பினேன். பதிலே இல்ல. மொக்கை ஜோக்குக்கும் விழுந்து விழுந்து சிரிக்கிற மனுஷன் மேடம் அவரு."

மேடம் போனை வைத்துவிட்டு டேப்பின் பதிவேட்டைத் திறந்தாள். நேற்றுக் காலை பத்து மணிக்குப் பிறகு அவர் ஒரு விண்ணப்பத்தைக்கூட முடிக்கவில்லை. ஓர் எழுத்துகூடத் தட்டவில்லை. ஆனால் மவுஸ் மட்டும் அசைந்திருக்கிறது. இருபத்துநாலு மணி நேரத்துக்கு மேல், சரியாக அறுபது விநாடிக்கு ஒரு தடவை, இம்மியளவு அசைவு. தூங்குகிறவரின் மூச்சு போல.

பதிவேட்டை இன்னொரு தடவை பார்த்தாள். அவருக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. திரையில் அவர் புள்ளி அமைதியாகப் பச்சையில் ஒளிர்ந்தது.

அரைமணி நேரத்தில் அவர் வீட்டு வாசலில் நின்றாள். கீழே தையல் கடை, மாடியில் ஒற்றை அறை. தையல்காரர் அளவுநாடாவைக் கழுத்தில் போட்டபடி கூடவே ஏறி வந்தார்.

"உள்ளதாம்மா இருக்காரு. நேத்திலேருந்து டொய்ங் டொய்ங்னு கம்ப்யூட்டர் சத்தம் கேட்டுட்டே இருக்கு. வேலை மும்முரம்னு நெனச்சு நானும் தொந்தரவு பண்ணலை."

கதவுக்குக் கைப்பிடி இல்லை. அந்த இடத்தில் ஒரு ஸ்பூனை வளைத்துச் செருகி, மேலே டேப் சுற்றியிருந்தது. தையல்காரர் அதைத் திருப்பினார். கதவு திறந்தது.

அறை முழுக்க டேப்பின் கைவேலை. இன்டர்நெட் பெட்டி ஓர் எவர்சில்வர் கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருந்தது, சிக்னல் நன்றாக வருவதற்காம். ரப்பர் பேண்டு போட்ட ரிமோட். துணிக் கிளிப்பில் நிற்கும் செல்போன். ஃபேன் சுற்றியது, விளக்கு எரிந்தது, கம்ப்யூட்டர் விழித்திருந்தது. எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. நாற்காலியில் மட்டும் ஆள் இல்லை.

"அண்ணே!" என்று கூப்பிட்டார் தையல்காரர். ஃபேன் சத்தம்தான் கேட்டது.

மேடம் மேஜை அருகே போனாள். மவுஸை எடுத்தாள். அதன் அடியில் டேப் போட்டு ஒட்டிய ஒரு பழைய கைக்கடிகாரம். விநாடி முள் மவுஸின் சிவப்பு வெளிச்சத்தைக் கடந்தபோது, திரையில் அம்புக்குறி லேசாகத் துடித்து அடங்கியது.

அப்போது கம்ப்யூட்டர் ஒலித்தது. "டொய்ங்."

நிறுவனம் தானாகவே அனுப்பும் செய்தி அது. 'வாழ்த்துகள்! நீங்கள் தொடர்ந்து 25 மணி நேரமாகப் பச்சையில் இருக்கிறீர்கள்!'

அந்த ஒலி அடங்கியதும் எங்கிருந்தோ இன்னொரு சத்தம் வந்தது.

"டக்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எலியாக இருக்குமோ? மேடம் தன் செல்போனிலிருந்து அவருக்கு ஆபீஸ் சாட்டில் ஒரு வெற்றுச் செய்தி அனுப்பினாள்.

"டொய்ங்."

"டக்."

சத்தம் கட்டிலுக்கு அப்பாலிருந்து வந்தது. எட்டிப் பார்த்த தையல்காரர், "ஐயையோ!" என்று அலறினார்.

கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் டேப் மல்லாந்து கிடந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. கண்கள் திறந்திருந்தன. இடது கையில் ஒரு விரல் மட்டும் அசைந்து தரையைத் தட்டியது. நேற்று முழுவதும், ராத்திரி முழுவதும், யார் செய்தி அனுப்பினாலும் அந்த விரல் பதில் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

உயிர் பிழைத்தார். "பக்கவாதம். விழுந்த ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல கூட்டிட்டு வந்திருந்தா வலது கையையும் பேச்சையும் காப்பாத்த வாய்ப்பு இருந்தது," என்றார் டாக்டர். "இவ்வளவு நேரம் யாருமே கவனிக்கலையா?"

ஆபீஸே கவனித்துக்கொண்டுதான் இருந்தது என்று எப்படிச் சொல்வது? மேடம் தலையைக் குனிந்துகொண்டாள்.

மூன்றாம் நாள் மதியம் அவரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனாள். கட்டிலில் சாய்ந்திருந்த டேப் அவளைக் கண்டதும் பதறிப்போய் எழுந்திருக்கப் பார்த்தார். குழறலாக என்னவோ சொன்னார். இரண்டாம் முறை சொன்னபோதுதான் புரிந்தது.

"லீவு... எழுதிக் குடுக்கலை... மேடம்."

அவளால் அங்கே நிற்க முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தால், வராந்தா முழுக்கக் கூட்டம். குழந்தையை இடுப்பில் வைத்தபடி படபடா. பக்கத்தில் மீதிப் பத்துப் பேர். மேடத்தைப் பார்த்ததும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஒருவர் பின்னால் ஒருவர் ஒளிந்தார்கள்.

வேலை நேரம். மேடம் பழக்க தோஷத்தில் செல்போனில் திரையைத் திறந்தாள்.

டேப்பின் புள்ளி அணைந்திருந்தது. மற்ற பதினொன்றும் பச்சை.

"எல்லாரும் இங்க நிக்கறீங்க..." அவள் போனைத் திருப்பிக் காட்டினாள். "அப்போ அங்க வேலை பாக்கறது யாரு?"

ஒருவரையொருவர் முன்னால் தள்ளினார்கள். கடைசியில் படபடாதான் ஆரம்பித்தாள். "எங்க வீட்டுல வாஷிங் மெஷின் மேல மவுஸ் உக்காந்திருக்கு மேடம். அன்னிக்கு மெஷின் நின்னு போனதாலதான் சிவப்பாச்சு. இவர் டேபிள் ஃபேன்ல நூல் கட்டியிருக்காரு. அவர் செல்போன்ல மீன்தொட்டி வீடியோ போட்டு, அது மேல மவுஸை வச்சிருக்காரு. எல்லாம் டேப் அண்ணன் சொல்லிக் குடுத்தது."

"ஏன்? வேலை செய்யப் பிடிக்கலையா?"

"வேலையெல்லாம் முடிச்சுடறோம் மேடம். குழந்தை விழுந்தா நிம்மதியாத் தூக்கணும்ல? வயித்து வலின்னா பாத்ரூம் போகணும்ல? சொன்னா நீங்க நம்பறதில்லையே."

அவள் மனக்கண்ணில் பதினொரு வீடுகள் வந்துபோயின. பதினொரு காலி நாற்காலிகள், அவற்றின் முன் தானாகத் துடிக்கும் பதினொரு அம்புக்குறிகள். இரண்டு மாதமாக அவள் மேய்த்ததெல்லாம் வாஷிங் மெஷினையும் ஃபேனையும்தான்.

கையிலிருந்த போன் அதிர்ந்தது. மேலாளர்.

"பிரமாதம்மா! இன்னிக்கு உங்க டீம் மொத்தமும் பச்சை! மத்தவங்களுக்கும் சொல்லிக் குடுங்களேன், எப்படி முடிஞ்சது உங்களால?"

மேடம் பதினொரு முகங்களையும் ஒருமுறை பார்த்தாள்.

"சார், என் டீம் மொத்தமும் இப்போ ஆஸ்பத்திரி வராந்தாவுல நிக்குது. அந்தப் பச்சை ஆளைக் காட்டலை சார், நம்ம மேல அவங்களுக்கு இருக்கிற பயத்தைக் காட்டுது. ஆள் நல்லா இருக்காரான்னு தெரியணும்னா கூப்பிட்டுக் கேக்கணும், அவங்க சொன்னா நம்பணும். ரெண்டையும் நான் செய்யலை, அதனாலதான் ஒரு மனுஷன் ஒரு பகல், ஒரு ராத்திரி முழுக்கத் தரையைத் தட்டிக்கிட்டே கிடந்தாரு."