மேட்டு வழி என்று எழுதிய காகிதம்

"காகிதத்துல மேட்டு வழின்னுதான் இருக்கு, அக்கா. ஜீப் அங்கதான் தேடிக்கிட்டு இருக்கு," என்று மூன்றாவது தடவையாகச் சொன்னான் சாவடிக் கார்ப்பரல் அபெய்தி.

தெஸ்லெமுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. அவள் புருஷன் ஸிதாத்தி ஒரு பிரெஞ்சுத் தம்பதியைக் காரில் ஏற்றிக்கொண்டு முந்தாநாள் காலையில் பாலைவனத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் வதான் ஊருக்குக் கிளம்பியவன். அன்று சாயங்காலமே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். பெயரும் போகும் வழியும் எழுதிக் கொடுக்காமல் எந்த வண்டியும் சாவடியைத் தாண்ட முடியாது. வந்து சேராவிட்டால் எழுதிய வழியில்தான் தேடுவார்கள். பாலைவனத்தில் உயிருக்கு இருக்கிற ஒரே பிடி அது. அதில் போய் எவனாவது பொய் எழுதுவானா?

"எங்க வீட்டு வாசல்ல நின்னு நாலு டயர்லயும் பாதிக் காத்தை இறக்கிட்டுத்தான் கிளம்பினாரு. மேட்டு வழி முழுக்கக் கல்லு. கல்லு மேல போறவன் காத்தை இறக்குவானா? டயர் கிழிஞ்சு தொங்கிடாது? மணல்ல போறவன்தான் இறக்குவான்."

"ஒத்தை வண்டிக்கு மணல் வழி கிடையாதுக்கா. சட்டம்."

"உன் சட்டத்தைக் கொண்டு போய்க் குப்பையில போடு. நீ டயரைப் பார்த்தியா, இல்லையா?"

அபெய்தி டீ கிளாஸைக் கீழே வைத்தான். "பார்த்தேன். ரெண்டாவது வண்டிக்கு ஆள் கிடைக்கலைன்னு கெஞ்சினாரு. நாந்தான், மேட்டு வழின்னு எழுதிட்டுப் போங்கன்னேன்."

படுபாவி. இவ்வளவு நேரம் அந்த வாயை வைத்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தான். சாவடி வாசலில் அவள் தம்பி மௌலாயின் பிக்கப் வண்டி உறுமிக்கொண்டு நின்றது. "நீயும் ஏறுடா," என்றாள் தெஸ்லெம் அபெய்தியிடம்.

மத்தியானம் மணல் வழியில் கார் கிடைத்தது. அச்சு முறிந்து ஒரு பள்ளத்தில் சரிந்து கிடந்தது. அதன் நிழலில் அந்தத் தம்பதி உதடு வெடித்துப் படுத்திருந்தார்கள். உயிர் இருந்தது. தெஸ்லெம் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். ஸிதாத்தியைக் காணோம்.

"காரை விட்டு ஒரு அடி நகரக் கூடாதுன்னு அவரே பத்துத் தடவை சொன்னாரு," என்றாள் அந்தப் பெண். தெஸ்லெமுக்குத் தெரிந்த அரைகுறை பிரெஞ்சுக்கே அது புரிந்தது. "நேத்துக் காலையில தண்ணியை எங்ககிட்ட விட்டுட்டு அவரே நடந்து போயிட்டாரு."

"ஏன் போனாரு?"

"இந்தப் பக்கம் யாரும் தேடி வர மாட்டாங்கன்னாரு."

அபெய்தி தலையைக் குனிந்துகொண்டான்.

தடம் பிடித்துப் போனார்கள். இரண்டு மைல்கூடப் போகவில்லை. மணல்மேட்டின் சரிவில் ஸிதாத்தி குப்புறக் கிடந்தான். தலைப்பாகை அவிழ்ந்து, பாதி மணலுக்குள் போயிருந்தது. மௌலாய் தொட்டுப் பார்த்துவிட்டு அக்காவின் முகத்தைப் பார்க்காமல் எழுந்தான். காரிலேயே இருந்திருந்தால் ஸிதாத்தியும் இந்நேரம் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பான்.

தெஸ்லெம் அழவில்லை. கால் பக்கமாகத் தூக்குவதற்கு அபெய்தி குனிந்தான்.

"கையை எடு," என்றாள். "நாங்க தூக்கிக்கிறோம்."