சிவப்பு நூல் கட்டிய பூசணி

தையல்காரி வேலை முடிந்து வந்து கொல்லைப்புறம் போனபோது கொடியில் வெட்டுப்பட்ட காம்பு மட்டும் இருந்தது. வெட்டிய இடத்தில் ஈரம்கூடக் காயவில்லை. மற்ற நான்கு காய்களும் அப்படியே கிடந்தன. போனது சிவப்பு நூல் கட்டிய காய்.

கம்பெனியில் பொத்தான் தைக்கிறவள் கொடுத்த ஐந்து விதையில் முளைத்தது இரண்டு. அதிலும் ஒன்றை நத்தை தின்றுவிட்டது. பழைய நாட்டு ரகம், கடையில் கிடைக்காது. கொடுத்தவளின் கொடியும் மழையில் அழுகிப்போயிருந்தது. பக்கத்து வீட்டிலோ கடைவிதைப் பூசணி. அதன் மகரந்தத்தைத் தேனீ கொண்டுவந்தால் இனம் கலந்துவிடும். அதனால் மாலையிலேயே மொட்டுகளின் வாயை நூலால் கட்டிவைத்து, விடிந்ததும் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தன் கையால் தடவி, மறுபடி கட்டினாள். பத்துப் பூவில் பிடித்தது அந்த ஒன்றுதான். அடையாளத்துக்குச் சிவப்பு நூல் கட்டி, விதைக்கென்று முற்ற விட்டிருந்தாள்.

கணவர் நாற்காலியிலிருந்து எழவில்லை. எங்கள் ஆபீஸ் மேனேஜர் வந்திருந்தார், காயைப் பார்த்து ஆசைப்பட்டார், கொடுத்தனுப்பினேன் என்றார்.

"நாலு காய் இருக்கே. நூல் கட்டினத எதுக்கு வெட்டுனீங்க?"

"அதுதான் பெருசா இருந்துச்சு. ஒரு காய்க்கா இந்த மூஞ்சி?"

நாலு மாதத்தில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றாத மனுஷன். கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு நடந்தாள்.

மேனேஜர் வீடு இரண்டு தெரு தள்ளி. அவர் மனைவி கதவைத் திறந்தாள். காயை அறுத்தாகிவிட்டது, விதை குப்பைத்தொட்டியில் என்றாள். உள்ளேயிருந்து மேனேஜர், விதைதானே, கடையில் வாங்கித் தருகிறேன் என்றார். பிறகு சிரித்தபடி சொன்னார்:

"உங்க வீட்டுக்காரர் கெட்டிக்காரர்மா. விடியக்காலைல எழுந்து பூவெல்லாம் அவரே கட்டுவாராமே."

"கட்டினது நான் சார். அவருக்கு எது ஆண் பூ, எது பெண் பூன்னே தெரியாது."

மேனேஜர் டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் மனைவி பின்வாசலில் செய்தித்தாளை விரித்துத் தொட்டியைக் கவிழ்த்தாள். முட்டை ஓட்டுக்கும் தேயிலைச் சக்கைக்கும் நடுவே இருவரும் விதை பொறுக்கினார்கள். "இவர் மேடையில பேசுற பேச்செல்லாம் நான் எழுதிக் குடுக்கறதுதான்," என்றாள் அவள், தலை நிமிராமல்.

முற்றுவதற்கு மூன்று வாரம் முன்பே வெட்டிய காய். பெரும்பாலும் சப்பை. தேறியது இருபத்தாறு. வீட்டுக்கு வந்து அலசி நிழலில் உலர்த்தும்போது கணவர் வந்து நின்றார்.

"அதான் கெடச்சிடுச்சே. இன்னும் என்ன?"

"விதை கெடச்சுது. நீங்க சொன்ன பொய்ய எந்தத் தொட்டியில தேடுறது?"

அவர் திரும்பி நாற்காலிக்குப் போனார்.

பத்து விதை பொத்தான்காரிக்கு, ஆறு மேனேஜர் மனைவிக்கு. மீதியை அவளே ஊன்றினாள். இனி ஒரே வீட்டை நம்பி இந்த ரகத்தை விடுவதாயில்லை. கொடி ஓடத் தொடங்கிய பிறகு கணவரோடு வேலை பார்ப்பவர் ஒருவர் வந்து, இலையைப் பார்த்து, என்ன உரம் போட்டீங்க என்று அவரைக் கேட்டார்.

"அவளக் கேளுங்க. அவதான் வளக்குறா," என்றார் கணவர்.

அவள் காதில் விழுந்தது. ஆனாலும் உள்ளே இருந்த சூடு ஆறவில்லை. வந்தவருக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு, களை பிடுங்கக் குனிந்தாள்.