சேனாபதியிடம் கொண்டுபோன கடிதம்

பள்ளி விடுமுறையில் வீட்டிலிருந்த மகள் மிதுஷாவிடம், காய்கறி வாங்கப் பசாருக்குப் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிய தவமணி, பசாருக்கு நேர் எதிர்த் திசையில் காரைத் திருப்பினாள். கைப்பையில் ராணுவக் கல்லூரியின் கடிதம் இருந்தது. மிதுஷாவுக்கு, பதினாறு வயதில் சேரும் நான்காம் படிவத்தில் இடம் கிடைத்திருக்கிறது. பெற்றோர் இருவரும் கையெழுத்திட்டு இன்ன வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. அந்த வெள்ளிக்கிழமை இன்றுதான். அப்பாவின் கையெழுத்து கடிதம் வந்த அன்றைக்கே விழுந்துவிட்டது. அம்மாவுக்கான கோடு பதினெட்டு நாளாகக் காலியாகக் கிடந்தது.

அதற்கு அவள் முருகனைக் காரணம் காட்டியிருந்தாள். கணவர் பரமநாதன் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வேலைக் கடிதமோ மாற்றல் கடிதமோ, எது வந்தாலும் ஒரு வெள்ளிக்கிழமை பினாங்குத் தண்ணீர்மலை முருகன் காலடியில் வைத்து எடுத்த பிறகுதான் பதில் போடுவார்கள். மூன்று தலைமுறையாகக் கிராணி வேலை, குமாஸ்தா வேலை பார்த்த குடும்பம். காகிதத்துக்கு அவ்வளவு மரியாதை. முதல் வெள்ளியன்று தவமணி வீட்டுக்குத் தூரம். அது உண்மைதான், ஆனால் அதற்காக அவள் அவ்வளவு சந்தோஷப்பட்டது வாழ்க்கையிலேயே அந்த ஒரு முறைதான். இரண்டாம் வெள்ளிக்கு முந்தின நாள், நன்றாக ஓடிக்கொண்டிருந்த காரைக் கொண்டுபோய்ப் பட்டறையில் விட்டாள். மகள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். வாயே திறக்காத பிள்ளையிடம் எப்படிச் சண்டை போடுவது?

இத்தனைக்கும் மூல காரணம் அவளேதான். தவமணி இடைநிலைப் பள்ளியில் சரித்திர ஆசிரியை. ஆண்டு நடுவில் நடந்த சரித்திர வாரத்துக்கு, பள்ளிச் சீருடைக்குள் பட்டாளம் எப்படி நுழைந்தது என்று ஒரு கண்காட்சி வைத்தாள். ஜப்பானியப் பையன்களின் கறுப்புக் கோட்டும் விறைத்த கழுத்துப் பட்டியும் பிரஷ்ய ராணுவத்தைப் பார்த்துத் தைத்தவை. அந்நாட்டுப் பெண்பிள்ளைகளின் சதுரக் காலர் பிரிட்டிஷ் மாலுமியுடையது. நூற்றெண்பது வருஷத்துக்கு முன் ஒரு குட்டி இளவரசனுக்குக் கப்பற்படை உடுப்பைத் தைத்துப் போட்டு அழகு பார்த்தார்கள். அதைப் பார்த்த பெற்றோர்களெல்லாம் தங்கள் பிள்ளைகளுக்கும் அதையே மாட்டிவிட்டார்கள். பினாங்கிலேயே ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் பள்ளித் திடலில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக் கைகாலை ஆட்டவைத்தார்கள். அத்தனை படத்துக்கும் கீழே ஒரே பாடம்தான்: உடுப்பு முதலில் கழுத்தை நிமிர்த்தும், பிறகு காலை ஒரே தாளத்தில் போடவைக்கும், கடைசியில் கையில் துப்பாக்கியைக் கொடுக்கும்.

படங்களை வெட்டி ஒட்டிக் கொடுத்தது மிதுஷா. அம்மா எதைக் காட்டிப் பயமுறுத்தினாளோ, அதில் மகள் சொக்கிப்போனாள். பித்தளைப் பொத்தான்களை ஒவ்வொன்றாக எண்ணினாள். கண்ணாடி முன்னால் நின்று கழுத்தை நிமிர்த்திப் பார்த்தாள். நேர்முகத் தேர்வில் சீருடையைப் பற்றி ஒரு கேள்வி வந்ததாம். பிரஷ்யாவில் தொடங்கிப் பத்து நிமிடம் நிறுத்தாமல் பேசினாளாம். எல்லாம் அம்மா சொல்லிக் கொடுத்ததுதான் என்று சாப்பாட்டு மேசையில் அவள் பெருமையாகச் சொன்னபோது தவமணி பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டாள்.

கண்காட்சியில் வைக்காத படம் ஒன்று தவமணியிடம் இருந்தது. யாழ்ப்பாணத்தில் அவளுடைய பெரியம்மா மகள் ஒருத்தி, வெள்ளைப் பள்ளிச் சீருடையும் இரட்டைப் பின்னலுமாகக் காலையில் வீட்டை விட்டுப் போனவள், திரும்பி வரவில்லை. ஒன்றரை வருஷம் கழித்து வேறொரு சீருடையில், மாலை போட்ட படமாகத்தான் வந்தாள். அப்போது அவளுக்குப் பதினேழு. தவமணிக்கும் பதினேழு. அது வேறு நாடு, வேறு காலம், இங்கே போரும் இல்லை ஒன்றும் இல்லை என்று பரமநாதன் நூறு முறை சொல்லிவிட்டார். அவருக்கென்ன, புக்கிட் தெங்கா ஆபீசில் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து நியாயம் பேசலாம். அவளுக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. பதினெட்டு நாளாகத் தூக்கம் இல்லை. படுப்பாள், எழுவாள், மகள் அறை வாசலில் போய் நிற்பாள், சமையலறையில் தண்ணீர் குடிப்பாள், மறுபடியும் படுப்பாள்.

மலையடிவாரத்தில் காரை நிறுத்திவிட்டுப் படியேறினாள். ஐந்நூற்றுச் சொச்சம் படி. ஐம்பது படி ஓட்டமாக ஏறினாள், இருபது படி இறங்கினாள், வீட்டுக்கே போய்விடலாமா என்று யோசித்துக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தாள், உட்கார முடியாமல் எழுந்தாள். ஒரு குரங்கு கைப்பையையே பார்த்தது. பிடுங்கிக்கொண்டு ஓடினால் எவ்வளவு நல்லது என்று பிடியைக் கொஞ்சம் தளர்த்தியும் பார்த்தாள். குரங்குக்குக் காகிதத்தில் அக்கறையில்லை.

அவள் கணக்கு எளிமையானது. கடிதத்தைக் காலடியில் வைப்பாள், இது வேண்டாம் என்று முருகனிடம் நேராகக் கேட்டுக்கொள்வாள், பிறகு காரிலேயே சுற்றிக்கொண்டிருந்து ஐந்து மணியைக் கடத்திவிடுவாள். வழக்கத்தை மீறியதாகவும் ஆகாது, மகளை அனுப்பியதாகவும் ஆகாது.

வெள்ளிக்கிழமை என்பதால் முருகன் ராஜ அலங்காரத்தில், கிரீடமும் வேலுமாக நின்றுகொண்டிருந்தார். குருக்கள் கடிதத்தைத் தட்டில் வாங்கிப் பெயர், நட்சத்திரம் கேட்டார். மிதுஷா, உத்திராடம் என்றாள். என்ன காரியம் என்று கேட்டார். ராணுவக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது என்று முணுமுணுத்தாள்.

குருக்களுக்கு முகமெல்லாம் சந்தோஷம். "பேஷ்! சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கீங்கம்மா. தேவர் படைக்கே சேனாபதி இவர். அதோ கையில இருக்கே வேல், அதைப் பெத்த தாயே எடுத்துக் கொடுத்து அனுப்பின நாள்தானே தைப்பூசம்?"

ஊர் உலகத்தில் எந்தக் காலர் எந்தப் பட்டாளத்திலிருந்து வந்தது என்று பிரித்துப் பிரித்துச் சொன்ன தவமணிக்கு இது தோன்றவே இல்லை. வருஷம் தவறாமல் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்து இதே படிகளில் ஏறியிருக்கிறாள். ஒரு தாய் பிள்ளையின் கையில் வேலைக் கொடுத்து, போய் வா என்று சொன்ன நாளைக் கொண்டாடுகிறோம் என்று ஒரு தடவையாவது நினைத்துப் பார்த்தாளா? அந்தத் தாய்க்கு மட்டும் வயிற்றில் புளி கரைந்திருக்காதா? படைத்தலைவனிடம் வந்து, என் பெண்ணைப் படைக்கு அனுப்பாதே என்று கேட்கப் பார்த்தோமே என்று வெட்கமாக இருந்தது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

தட்டிலிருந்து கடிதத்தை எடுத்து, பிரகாரத்துத் தூணில் வைத்துக் காலிக் கோட்டில் கையெழுத்துப் போட்டாள். மணி பதினொன்றரை. போனில் படம் எடுத்து அனுப்பிவிடலாம். எந்த முகவரிக்கு என்று கேட்க மகளை அழைத்தாள்.

"மிது, அம்மா சைன் பண்ணிட்டேன். கோயில்ல இருக்கேன். எந்த இமெயிலுக்கு அனுப்பணும், சொல்லு."

மறுபக்கம் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"அம்மா, நான் செவ்வாய்க்கிழமையே காலேஜுக்கு எழுதிட்டேன். வரலன்னு."

"என்ன சொல்ற?"

"அப்பாகிட்ட சைன் வாங்கித்தான் அனுப்பினேன். உங்ககிட்ட நானே சொல்றேன்னு அப்பாகிட்ட சொல்லியிருந்தேன். நேத்து ரிப்ளை வந்துச்சு. இடத்த வேற ஆளுக்குக் கொடுத்துட்டாங்க."

"ஏன்டி இப்படிப் பண்ண?"

"நீங்க தூங்கவே இல்லையேம்மா. தினமும் என் ரூம் வாசல்ல வந்து நின்னீங்க. நான் முழிச்சுத்தான் இருந்தேன்."

அந்த நொடியில் தவமணிக்கு வந்திருக்க வேண்டியது துக்கம். வரவில்லை. அடிவயிற்றிலிருந்து ஒரு பெருமூச்சு புறப்பட்டுவிட்டது. பதினெட்டு நாளாக முழுசாக விடாத மூச்சு. அடக்குவதற்குள் அது போனுக்குள் போய்விட்டது. எங்கேயும் போகமாட்டாள், இரவில் அந்த அறையில்தான் தூங்குவாள் என்று உடம்பு முழுக்கக் குளிர்ந்தது. அப்படிக் குளிர்ந்ததற்காகத் தன்னையே அறைந்துகொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

மிதுஷா அதைக் கேட்டுவிட்டாள்.

"இப்ப நிம்மதியாம்மா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள் தவமணி. சந்நிதிக்கு எதிரே நின்றுகொண்டு பொய் சொல்ல நாக்கு எழவில்லை.

"ஆமா," என்றாள்.

"சரிம்மா," என்றாள் மிதுஷா. அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.