கம்பளி காயும் நாள்

மழைக்காலம் முடிந்து முதல் நல்ல வெயில் அடிக்கிற அன்று, ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக் கம்பளிகள் எல்லாம் பின்பக்கப் புல்வெளிக்கு வந்துவிடும். மாதக்கணக்கில் மெஷினில் அரைகுறையாகக் காய்ந்து வாடை பிடித்துப்போன முந்நூற்றுச் சொச்சம் கம்பளிகளைக் கயிறுகளில் விரித்துவிட்டு, அன்று மட்டும் அங்கே வேலை செய்யும் ஒன்பது பேரும் வெளியே வட்டமாக உட்கார்ந்து மத்தியானச் சாப்பாடு சாப்பிடுவார்கள். சூப்பர்வைசரும் கண்டுகொள்ள மாட்டார்.

இஸ்திரி போடும் பெரியக்காவுக்குப் பதினொரு வருஷமாக அந்த வட்டத்தில் ஓர் இடம் உண்டு. தையல்காரியின் இடது பக்கம். தையல்காரி இடது கைக்காரி. சாப்பிடும்போது இருவர் முழங்கையும் இடித்துக்கொண்டே இருக்கும். வேறு யாரும் அங்கே உட்காரச் சம்மதித்ததில்லை.

இந்த வருஷம் தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு பெரியக்கா வந்து சேர்வதற்குள் அந்த இடத்தில் சிட்டு உட்கார்ந்திருந்தாள். வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம்கூட ஆகாதவள்.

"வாங்கக்கா, அங்க எடம் இருக்கு பாருங்க" என்று எதிர்ப்பக்கம் கை காட்டினாள்.

பெரியக்கா உட்கார்ந்தாள். சிட்டு எழுந்து சூப்பர்வைசர் மாதிரி நடந்து காட்டியபோது தையல்காரி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். போன வருஷம் இதே நடையை நடந்து காட்டியது பெரியக்காதான். அப்போது இவ்வளவு சிரித்தாளா? இல்லையென்றே பட்டது. என் நடையில் அவர் தொந்தியும் இருந்தது, இவளுக்கு வெறும் கைவீச்சுதான் என்று மனதுக்குள் மார்க் போட்டுக்கொண்டாள்.

சிட்டு திரும்பி வந்து, தன் டப்பாவிலிருந்த முட்டையைத் தையல்காரியின் சோற்றின் மேல் வைத்தாள். "நல்லா சாப்பிடுங்கக்கா. செவ்வாக்கெழமைக்குத் தெம்பு வேணும்ல."

"செவ்வாக்கெழமை என்ன?" என்றாள் பெரியக்கா.

சிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். தையல்காரி பாதிச் சாப்பாட்டில் எழுந்து குழாயடிக்குப் போனாள். பெரியக்காவும் பின்னாலேயே போனாள்.

"மார்புல ஒரு கட்டி. செவ்வாக்கெழமை எடுக்கறாங்க. பயப்பட ஒண்ணுமில்லன்னுதான் டாக்டர் சொல்றாரு."

பெரியக்காவுக்கு முதலில் வந்தது பயமில்லை. பிற்பாடு அதை நினைத்து அவள் பல நாள் கூசினாள்.

"அவகிட்ட எப்பச் சொன்னே?"

"யாருகிட்ட?"

"அந்தச் சிட்டுகிட்ட."

"மூணு வாரம் இருக்கும்."

அந்த மூன்று வாரமும் தையல்காரி இஸ்திரி மேஜைக்குப் பக்கத்து மெஷினில் உட்கார்ந்து கிழிசல்களைத் தைத்துக்கொண்டே மருமகளைப் பற்றியும் முழங்கால் வலியைப் பற்றியும் வாய் ஓயாமல் பேசியிருக்கிறாள்.

"பதினோரு வருஷம்டி. எங்கிட்ட சொல்லணும்னு தோணவே இல்லையா?"

"தோணுச்சு. ஆனா நீ அழுவே. உன்னைத் தேத்தறதுக்கே எனக்குப் பொழுது சரியா இருக்கும். அவ அழல. எந்த ரூம், எத்தனை மணிக்குன்னு கேட்டா."

பெரியக்கா குழாயை இறுக்கி மூடினாள். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

"எந்த ரூம்?" என்றாள். பாதியிலேயே குரல் உடைந்துவிட்டது.

"பாத்தியா" என்றாள் தையல்காரி.

மூன்று மணிக்குக் காற்று கிளம்பியது. கம்பளிகள் கயிற்றோடு பறந்துவிடும்போல அடித்துக்கொண்டன. தையல்காரி ஒன்றை உருவி, இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு, மறுபக்கம் பிடிக்க ஆள் தேடித் திரும்பினாள். யாரையும் கூப்பிடவில்லை. இரண்டு கயிறு தள்ளி நின்ற சிட்டு ஓர் அடி எடுத்து வைத்தாள்.

பெரியக்கா ஓடினாள். நாற்பத்தெட்டு வயதில், ஒரு செருப்பு புல்லிலேயே கழன்று கிடக்க, மூச்சிரைக்க ஓடி மறுமுனைகளைப் பற்றினாள். சிட்டு நின்று பார்த்துவிட்டு வேறு கயிற்றுக்குப் போனாள்.

காற்று கம்பளிக்குள் புகுந்து அதை நடுவில் உப்பி எழுப்பியது. அந்தப் பக்கம் தையல்காரியின் முகம் தெரியவில்லை. இரண்டு ஓரத்திலும் முனைகளை இறுக்கிப் பிடித்திருந்த அவளுடைய விரல்கள் மட்டும் வெயிலில் தெரிந்தன.